யாருடைய புத்தகம்?

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு சீனர் மளிகைக்கடை இருந்தது. பெயர்ப்பலகை உண்டு, அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தௌக்கே கடை, அவ்வளவுதான். கல்லாவுக்கு மேலே ஆணியில் ஒரு கம்பி, கம்பியில் கோத்த சின்னச் சின்னப் புத்தகங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அட்டையில் 555 என்று அச்சடித்திருக்கும். இந்த நாட்டில் கடன்சொல்லிச் சாமான் வாங்கி வளர்ந்த யாருக்கும் 'பூக்கு தீகா லீமா'வை விளக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒன்று. அரிசி, மண்ணெண்ணெய், பால்டின், நெத்திலி என எது வாங்கினாலும் தௌக்கே அதில் எழுதுவார். சம்பளம் வந்ததும் அப்பா போய் அடைப்பார்.

பாட்டியிடமும் ஒரு கணக்கு இருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் குறி போடுவார். அரிசிக்கு நீளக்கோடு, பால்டின்னுக்கு வட்டம், மண்ணெண்ணெய்க்கு ஒரு கொக்கி. மாதக் கடைசியில் என்னை நிற்கவைத்து எண்ணச் சொல்வார்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது ஒரு மாதம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் ஒரு பை அரிசியும் மூன்று பால்டின்னும் கூடுதல். கணிதத்தில் வகுப்பிலேயே முதல் மாணவன் நான் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. "புக்குல தேதி போட்டு எழுதியிருக்கு பாட்டி. செவுத்துல வெறும் கோடுதானே இருக்கு" என்றேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா முழுத்தொகையையும் கட்டினார்.

பத்து வருடம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் நிதிக் கணக்கியல் வகுப்பில் உட்கார்ந்தேன். பாடம் மலாயில். அசெட், லியாபிலிட்டி, எக்குயிட்டி, ஹாசில், பெலாஞ்சா: சொத்து, பொறுப்பு, உரிமையாளர் பங்கு, வருவாய், செலவு. உலகத்துக் கணக்கெல்லாம் இந்த ஐந்து பெட்டிக்குள் அடக்கம் என்றார்கள். சொத்தும் செலவும் கூடினால் டெபிட், மற்ற மூன்றும் கூடினால் கிரெடிட். ஒவ்வொரு டெபிட்டுக்கும் சமமான கிரெடிட் வேண்டும். ஐந்தொகையை மலாயில் அப்போது 'குன்சி கீரா-கீரா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் கணக்குச் சாவி. அழகான பெயர். எனக்குத்தான் பூட்டு திறக்கவில்லை. முதல் சோதனையில் 20-க்கு 3.

என் சிக்கல் இதுதான். வங்கியில் பணம் போட்டால் சேமிப்புப் புத்தகத்தில் 'கிரெடிட்' என்று விழுகிறது. வகுப்பிலோ கையிருப்பு கூடினால் 'டெபிட்' என்கிறார்கள். தமிழில் யோசித்தால் இன்னும் மோசம். பணம் வந்தால் வரவு. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு. வந்த பணத்தை எப்படிப் பற்றில் எழுதுவது? கேட்டதற்கு ஒரு விரிவுரையாளர், மனப்பாடம் பண்ணு, போகப்போகப் புரியும் என்றார். போகப்போகவும் புரியவில்லை.

புரியவைத்தவர் ஈப்போவில் இருந்த ஒரு வயதான கணக்குப்பிள்ளை, அப்பாவுக்குத் தெரிந்தவர். சிறுவயதில் செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாள் வரை உயர்ந்தவர். என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பணத்தப் பாக்காத, ஆளப் பாரு. ஒருத்தர் நம்மகிட்டருந்து பணத்தப் பத்திக்கிட்டுப் போனா அவரு பேருல பற்று. ஒருத்தர்கிட்டருந்து நமக்கு வந்தா அவரு பேருல வரவு. யாரு புத்தகம், அத மொதல்ல கேளு."

நான் வங்கியில் போட்ட பணம், வங்கியின் புத்தகத்தில் என் பெயரில் வரவு. அது அவர்கள் எனக்குத் தரவேண்டிய கடன். என் புத்தகத்தில் அதே பணம் வங்கியின் பெயரில் பற்று. பாடநூல் 'வணிகத் தனித்தன்மைக் கருத்து' என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் விஷயம் இதுதான். கணக்குக்கு எப்போதும் ஓர் உரிமையாளர் உண்டு. டெபிட், கிரெடிட் இரண்டுக்கும் லத்தீன் வேரைப் பார்த்தால் கடன்படுதல், நம்புதல் என்று அதுவும் ஆட்களைப் பற்றிய பேச்சுத்தான். (பற்று என்ற சொல்லை நம் ஆட்கள் ஒரே வாயில் கடனுக்கும் பாசத்துக்கும் வைத்ததை இங்கே ஆராயப் போவதில்லை.)

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டவர்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் பிறகு ரப்பரும் அவர்களை ஈப்போவுக்கு இழுத்தன. தினசரிக் கொடுக்கல் வாங்கலுக்குக் குறிப்பு, ஆள்வாரியாகப் பேரேடு, எல்லாவற்றையும் கூட்டிச் சரிபார்க்க ஐந்தொகை. ஊரிலிருக்கும் முதலாளி, கடல்கடந்த கடையை மூன்று வருடத் தவணையில் வந்துபோகும் ஏஜெண்டின் கையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தது இந்தப் புத்தகங்களை நம்பித்தான். டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட நகரத்தார் பற்றிய ஆய்வு நூல் இந்த வலைப்பின்னலை விரிவாகப் பேசுகிறது.

பாடநூல்களில் வரலாறு என்று ஒரே ஒரு பெயர் வரும்: லூக்கா பச்சோலி. பிரான்சிஸ்கன் துறவி, 1494-இல் வெனிஸில் அச்சான கணித நூலில் இரட்டைப் பதிவு முறைக்கு ஒரு பகுதி ஒதுக்கியவர். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்கள் செய்துகொண்டிருந்ததை எழுதிவைத்தார். கணக்கைக் கடவுள் பெயரால் தொடங்கு, முதல் புத்தகத்தில் சிலுவைக் குறி இடு என்கிறார். பிள்ளையார் சுழி போட்டுப் பேரேடு திறந்த கணக்குப்பிள்ளைக்கு இது புதிதாக இருந்திருக்காது. 1986-இல் லால் நிகாம் என்ற இந்திய ஆய்வாளர், இந்தியாவின் பஹி-காதா முறை பச்சோலிக்கும் மூத்த இரட்டைப் பதிவு என்று எழுதினார். அடுத்த வருடமே கிறிஸ்டோபர் நோப்ஸ், அதற்குச் சான்று போதாது என்று மறுத்தார். நோப்ஸ் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. யார் முதலில் என்ற பெருமை எனக்கு முக்கியமாகவும் படவில்லை. அந்தப் புத்தகங்களில் யார் எந்தப் பக்கம் எழுதப்பட்டார்கள் என்பதே என் கேள்வி.

செட்டியார் பேரேடும் முதலாளியின் புத்தகம்தான். அதில் பற்றுப் பக்கத்தில் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள் இருந்தார்கள், நிலத்தை ஈடுவைத்து. 1913-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்குச் செட்டியார் கைக்கு நிலம் போகிறது என்ற அச்சமும் ஒரு காரணம். 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஈடு மூழ்கிய நிலங்கள் ஏராளம். 1933-இல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். நம் கணக்கு மரபைப் பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது சரியல்ல.

தோட்டத்துப் புத்தகத்தில் தமிழன் எங்கே இருந்தான்? ஒப்பந்தக் கூலியாக வந்தவனின் கப்பல் செலவும் முன்பணமும் அவன் பெயரில் பற்று, சம்பளத்தில் பிடித்தார்கள். அதாவது இறங்கும்போதே கடனாளி. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி சட்டமானது. முதலாளிகளிடம் வரி வாங்கி அதிலிருந்து கப்பல் சீட்டு கொடுத்தார்கள். 1910-இல் ஒப்பந்தக் கூலிக்குப் புதிதாக ஆள் எடுப்பது நின்றது. கணக்கியல் மாணவனாக இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: பதிவு இடம் மாறியிருக்கிறது. கடனாளிகள் பட்டியலிலிருந்து தமிழனை எடுத்துச் செலவுத் தலைப்பில் போட்டிருக்கிறார்கள். பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு, வந்தவனைச் செக்ரோலில் குறித்தால் அன்றைய கூலி. அந்தக் கூட்டுத்தொகை இலாப நட்டக் கணக்கில் ஒரே வரி.

மரமோ சொத்து. நட்டு வளர்த்த செலவு பாலுக்கு வரும்வரை சொத்துப் பக்கம் ஏறும். இது பழைய கதையில்லை. 2014-இல் சர்வதேசக் கணக்கியல் தரத்தைத் திருத்தி, ரப்பர், செம்பனை போன்ற மரங்களை ஆலை இயந்திரம்போல நடத்தச் சொன்னார்கள். 2016 தொடக்கத்திலிருந்து நடைமுறை. மரத்துக்கு ஆயுட்காலம் கணக்கிட்டு வருடாவருடம் தேய்மானம் எழுத வேண்டும். வேலையிடத்தில் இதைப் படித்த அன்று பாட்டியின் முழங்கால் நினைவுக்கு வந்தது. ஒரே நிரையில் முப்பது வருடம். தேய்மானம் மரத்துக்கு.

தாத்தாவின் தகரப்பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று ஊழியர் சேமநிதி அட்டை. 1951-இல் சட்டம் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயருக்கு நேரே வரவு விழுந்தது அப்போதுதான். இன்னொன்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்க, லயங்கள் காலியாயின. அந்தத் துண்டாடலைப் பற்றி உங்கு அஸிஸ் எழுதிய ஆய்வு அப்போது பெரிய விவாதமானது. விற்கிறவனின் புத்தகத்தில் நிலம் போகும், மரம் போகும், பணம் வரும். ஐந்தொகை ஒரு காசு பிசகாமல் நிற்கும். லயத்தில் இருந்தவர்கள் அதில் எந்த வரியிலும் இல்லை. சுங்கை சிப்புட்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டினார். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். சங்கத்தைப் பற்றிப் பின்னாளில் எழுந்த குறைகள் வேறு கட்டுரைக்கு. செலவுத் தலைப்பில் கிடந்தவனை உரிமையாளர் பங்குக்கு மாற்றிய பதிவு என்ற அளவில், பேராக்கில் ஒருவர் செய்த ஆகச்சிறந்த கணக்கு அதுதான் என்பேன்.

இரண்டாம் பருவத்தில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் வந்தது. எளிய பாடம். வங்கியின் ஏடு ஒரு தொகை காட்டும், நம் ரொக்க ஏடு வேறொன்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். மிஞ்சுவதற்குக் காரணம் தேட வேண்டும், இரண்டு பக்கமும். வங்கி அச்சடித்துத் தந்தது என்பதற்காக அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது; பிழை அங்கேயும் இருக்கலாம். விரிவுரையாளர் அதைப் பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்திருந்தது. பாட்டி போய் அப்போது நாலு வருடம். அம்மாவிடம், "பாட்டி கோடு போடுவாங்களே, எப்ப அழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீ அன்னைக்குச் சொன்னியே, அப்பவே அவங்களே ஈரத்துணியால தொடச்சிட்டாங்க. அதுக்கப்பறம் போடவே இல்ல."