சாவிக்கொத்தும் வேகஸ் நரம்பும்

இந்த எபிசோடை ஒரு சாவிக்கொத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

டெல்டாவுல வளர்ந்தவங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். நடவு வயல்ல ஒருத்தருக்கு வலிப்பு வந்தா, "இரும்பைக் கொடுங்க"ன்னு யாராவது கத்துவாங்க. சாவியோ அரிவாளோ கையில திணிப்பாங்க. சீக்கிரமே வலிப்பு நிற்கும். இரும்புதான் காப்பாத்திச்சுன்னு எல்லாரும் நம்புவாங்க. பெரும்பாலான வலிப்பு சில நிமிஷத்துல தானாவே அடங்கிடும்ங்கறதுதான் உண்மை.

எங்க வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தப்பவும் அப்பாயி சாவியைத்தான் தேடினாங்க. மனுஷனுக்கும் நாய்க்கும் ஒரே வைத்தியமான்னு அன்னைக்குச் சிரிச்சேன். வரலாறு படிச்சப்புறம் சிரிக்க முடியல.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால்னு ஒரு மருத்துவ நிலையம் நடத்தினார். அங்கே மனுஷங்களுக்கும் விலங்குகளுக்கும் மருந்து தயாரிச்சாங்க. அரண்மனைக்கு வந்த ஆங்கிலேயர்கள் எழுதின குறிப்புல, தந்தத்தால் செஞ்ச எலும்புக்கூட்டோட ஒரு மின்சார எந்திரமும் இருக்கு. அதை வெச்சு வலிப்பைக் குணப்படுத்தினார்னு கதை கட்டிடாதீங்க! மருத்துவம், மின்சாரம், விலங்கு மூணும் ஒரே அரண்மனைக்குள்ள இருந்துச்சு, அவ்வளவுதான். அதுங்க ஒண்ணா சேர இன்னும் நூற்றைம்பது வருஷம் ஆச்சு.

1880-களில் நியூயார்க் மருத்துவர் ஜேம்ஸ் கார்னிங், கழுத்து வழியா வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டி வலிப்பை நிறுத்தப் பார்த்தார். பலன் உறுதியாகல, முயற்சி மறந்துபோச்சு. நூறு வருஷம் கழிச்சு, பிலடெல்பியாவுல ஜேக்கப் சபாரா அதே நரம்புக்குத் திரும்பினார். நாய்களுக்கு மருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கி, வேகஸைத் தூண்டினார். வலிப்பு அடங்கிச்சு.

1988-ல் முதல் மனிதருக்கு அந்தக் கருவியைப் பொருத்தினாங்க. 1997-ல் அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. இடது நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு சின்ன மின்கருவி. அதிலிருந்து ஒரு கம்பி கழுத்துல இருக்கிற நரம்பைச் சுற்றியிருக்கும். சில நிமிஷத்துக்கு ஒருமுறை சில நொடி மின்துடிப்பு போகும். வலிப்பு வரப்போகுதுன்னு தோணினா, ஒரு காந்தத்தைக் கருவி மேல காட்டி கூடுதல் துடிப்பு கொடுக்கலாம். முழுசா குணமாக்காது. மருந்துக்கு அடங்காத பலருக்கு வலிப்பைக் குறைக்கும்.

நாய்களுக்கு என்ன கிடைச்சது? மருந்துக்கு அடங்காத 10 நாய்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2002-ல்தான் வந்தது. இன்னைக்கும் வலிப்பு வர்ற நாய்க்கு முதல்ல மாத்திரைதான். சிகிச்சைக்கு வழிகாட்டினது அதுங்க. பலன் பெரும்பாலும் நமக்கு.

நாம மட்டும் பலன் பெறுறவங்களை எப்படி நடத்தினோம்? 1976-ல் இந்து திருமணச் சட்டத்துல, அடிக்கடி வலிப்பு வர்றவங்க திருமணத்துக்குத் தகுதி இல்லாதவங்கன்னு சேர்த்தாங்க. முதல் கருவி பொருத்தினப்போ அந்த வரி இங்கே உயிரோட இருந்தது. 1999-ல்தான் நீக்கினாங்க. சட்டத்துல இருந்து போயிடுச்சு. பொண்ணு பார்க்கப் போற வீட்டுல இருந்து போயிடுச்சான்னு நீங்களே சொல்லுங்க.

இன்னைக்குத் தஞ்சாவூர்ல மனுஷங்களுக்கு மருத்துவக் கல்லூரி, விலங்குகளுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி. சாவிக்கொத்து பையிலேயே இருக்கட்டும். வயல்ல யாராவது விழுந்தா, முதல்ல தண்ணியில இருந்து முகத்தைத் தூக்குங்க. சாண் ஆழத் தண்ணியே உயிரை எடுத்துடும். வரப்புல ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில எதையும் வைக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108-ஐக் கூப்பிடுங்க. கண்ணு முழிக்கும்போது பக்கத்துல இருங்க.