ஓர் இன்ஜினும் ஒற்றைக் கொம்பும்

கற்பிட்டியில் போட்டுக்கு இன்ஜின் வாங்கப் போறவர் குதிரைவலுவைப் பற்றி அதிகம் கேக்க மாட்டார். அது அவருக்கு முன்னமே தெரியும். அவர் விசாரிக்கிறது வேற: இது பழுதானா கழற்றிப் பார்க்கத் தெரிஞ்சவர் பக்கத்தில் இருக்கிறாரா? பார்ட்ஸ் புத்தளம் டவுனில் கிடைக்குமா, கொழும்புக்கு ஓடணுமா? லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் தங்களுக்கு ஓர் உலாவி இன்ஜின் தேடின கதையும் ஏறக்குறைய இதே விசாரணைதான். அந்தக் கதைக்குள்ள தமிழ் எழுத்தும் மாட்டிக்கொண்டு தவிச்சது. அதனால்தான் நாங்கள் இதை எழுதுறோம்.

உலாவி இன்ஜின் என்றது ஒரு பக்கத்தின் நிரலை வாசிச்சு, எந்த எழுத்து எங்க, எந்தப் படம் எங்க என்று திரையில் வரைஞ்சு காட்டுற பகுதி. டெஸ்க்டாப்புக்கு இது ஒரு உலாவிக்காக மட்டும் தேவைப்படுறதில்ல. உதவிப் பக்கம், மின்னஞ்சல் என்று பல இடத்திலும் அதே இன்ஜின் ஓடும். 1998இல் நெட்ஸ்கேப் தன் நிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மொசில்லாவின் கெக்கோ. அது பெரிய இன்ஜின், வேகமா மாறிக்கொண்டும் இருந்தது. 1996இல் தொடங்கின கேடிஇ குழு, நாங்களே செய்வம் என்று கேஎச்டிஎம்எல் என்ற சின்ன இன்ஜினை எழுதிச்சு. 1999இல் லார்ஸ் நோல் அதைப் பெரும்பாலும் புதிசாத் திருப்பி எழுதினார். 2000 ஒக்டோபரில் வந்த கேடிஇ 2இல், கான்கரர் உலாவிக்குள்ள அது ஓடத் தொடங்கிச்சு. போட்டி டெஸ்க்டாப்பான க்னோம் கெக்கோவையே எடுத்தது. 2003இல் அதன் அதிகாரபூர்வ உலாவியான எபிஃபனி அந்த இன்ஜினில்தான் வந்தது.

இப்ப தமிழுக்கு வருவம். அந்தக் காலத்தில் இலங்கையில் தமிழ் டைப் பண்ணினவங்களுக்கு பாமினி எழுத்துருவைத் தெரியாமல் இருக்காது. பாமினி உண்மையில் ஒரு வேஷம். உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்துக்கான எண், வெளியே தெரியிறது தமிழ் வடிவம். எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாட்டி ஆங்கிலக் குப்பை. ஆனால் இன்ஜினுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. கொம்பை முதலில் தட்டினால் முதலில் வரும், அவ்வளவுதான்.

யூனிகோட் இதைத் தலைகீழாக்கிச்சு. 'கெ' என்று எழுதினால் உள்ளே முதலில் சேமிக்கப்படுறது 'க', கொம்பு அதுக்குப் பிறகுதான். திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னுக்குப் போட வேண்டியது மென்பொருளின் வேலை. 'கொ' இன்னும் சிக்கல்: உள்ளே ஒரே ஒரு குறியாய் இருக்கிறதை இரண்டாய் வெட்டி, கொம்பை இடப்பக்கமும் அரவை வலப்பக்கமும் வைக்கணும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்யிற வேலை. அதைச் செய்யத் தெரியாத இன்ஜினில் கொம்பு எழுத்துக்குப் பின்னால, சில நேரம் ஒரு புள்ளி வட்டத்தையும் தூக்கிக்கொண்டு நின்றது. வாசிக்கலாம்தான், கல்லுச் சோறு சாப்பிடுற மாதிரி.

இங்கதான் டெஸ்க்டாப்பின் தேர்வு எங்கட வாசிப்பைத் தொட்டது. கேடிஇ நிற்கிற க்யூட்டி நூலகம் அதன் மூன்றாம் வரிசையிலேயே இந்திய எழுத்துகளை ஒழுங்குபடுத்தக் கத்துக்கொண்டது. அந்த வேலையிலும் லார்ஸ் நோலின் கை இருந்தது. அதனால் கான்கரரில் தமிழ் நேராய்த் தெரிஞ்சது. க்னோம் பக்கம் பாங்கோ என்ற நூலகத்துக்கும் தமிழ் தெரியும், மெனுக்கள் எல்லாம் சரியா வந்தன. ஆனால் மொசில்லா தளத்திலிருந்து நேரடியா இறக்கின ஃபயர்ஃபாக்ஸ், லினக்ஸில் பாங்கோவைக் கேக்காமலே எழுத்தை வரைஞ்சது. சில லினக்ஸ் விநியோகங்கள் மட்டும் தாங்களே அதை ஒட்டுப்போட்டுக் கொடுத்தன. 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வந்த பிறகுதான் அது எல்லாருக்கும் சரியாச்சு. உலகமே மெச்சின உலாவியில் கொம்பு இடம் மாறி நிற்க, யாரும் பெரிசாக் கண்டுகொள்ளாத கான்கரரில் தமிழ் அழகாய் இருந்த சில வருஷங்கள் அவை.

ஆனால் இன்ஜின்களின் விதி தமிழால் தீர்மானிக்கப்படவில்லை. 2003 ஜனவரியில் ஆப்பிள் சஃபாரியை வெளியிட்டபோது, அதற்கு எடுத்த இன்ஜின் கெக்கோ இல்ல, கேஎச்டிஎம்எல் என்று தெரிய வந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, அது 1,40,000 வரிக்கும் குறைவு என்றது. சின்னதாய் இருந்ததால் பெரியவர் தூக்கிக்கொண்டு போனார். பிறகு ஆப்பிள் செய்த மாற்றங்கள் பெரிய பெரிய பொதியாய்த் திரும்பி வந்தன, அதைப் பிரிச்சுச் சேர்க்கிறதே தன்னார்வலர்களுக்குப் பாடாய்ப் போச்சு. கசப்பு பகிரங்கமான பிறகு, 2005 ஜூனில் வெப்கிட் என்ற பெயரில் ஆப்பிள் அதைத் திறந்துவிட்டது.

2008 ஏப்ரலில் எபிஃபனி குழு கெக்கோவை விட்டு வெப்கிட்டுக்குப் போறதாய் அறிவிச்சது. 2009 செப்டெம்பரில் க்னோம் 2.28 அதோட வந்தது. கெக்கோ மோசம் என்றதால் இல்ல. மொசில்லா ஃபயர்ஃபாக்ஸுக்காக உழைச்சது. தன் இன்ஜினை இன்னொருத்தர் தங்கட மென்பொருளுக்குள்ள பொருத்துறது அதுக்கு இரண்டாம்பட்சம். 2011இல் மொசில்லா அந்த வசதியையே கைவிட்டபோது, க்னோமின் கணக்குச் சரி என்று தெரிஞ்சது. மெக்கானிக் பக்கத்தில் இருக்கிற இன்ஜினைத்தான் அவங்க எடுத்திருக்காங்க.

கேடிஇ நிலைமை இன்னும் சங்கடமானது. தன் பிள்ளை ஊர் மாறிப் பெரியாளாகி, திரும்பி வந்து கதவைத் தட்டுது, வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கோ ஆள்பலம் இல்ல. கொஞ்சக் காலம் கான்கரரில் இரண்டையும் மாத்தி மாத்தி ஓட்டலாம் என்று வைச்சாங்க. 2013 ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிஞ்சு ப்ளிங்க்கைத் தொடங்க, க்யூட்டியும் அந்தப் பக்கம் சாஞ்சது. 2024 பெப்ரவரியில் வந்த கேடிஇ 6இல் கேஎச்டிஎம்எல் இல்ல. அது தவிர்க்க முடியாத முடிவுதான். ஆனாலும் ஒரு நிறுவனத்தின் இன்ஜினே கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஓடுறது எங்களுக்கு நிம்மதியான செய்தி இல்ல.

தமிழின் பிரச்சினை இந்தச் சண்டைக்கு வெளியேதான் தீர்ந்தது. க்யூட்டியும் பாங்கோவும் தனித்தனியாச் செய்த எழுத்து வேலை ஹர்ஃப்பஸ் என்ற ஒரே நூலகமாச் சேர்ந்தது, பிறகு பெஹ்தாத் இஸ்ஃபஹ்போத் அதைப் புதிசா எழுதினார். பெயர் பாரசீகம். மத்ரஸாவில் ஓதின எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு 'ஹர்ஃபு' என்றால் எழுத்து என்று சொல்லித்தரத் தேவையில்ல. இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், க்னோம், கேடிஇ, ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் நம்பி இருக்கு. அதுக்கு முந்தின போன் காலத்தில், ஒபரா மினியில் மறைஞ்சிருந்த ஒரு செட்டிங்கைத் தேடிப்பிடிச்சு, தமிழை எழுத்தாய் இல்லாமல் படமாய் இறக்கி வாசிச்ச அண்ணன்மார், அக்காமார் இதை வாசிச்சால் சிரிப்பாங்க.

ப்ளிங்க்கின் நிரல் கோப்புகளைத் திறந்தால் சிலதின் தலையில் இன்னும் 1999 என்ற வருஷமும் லார்ஸ் நோலின் பெயரும் இருக்கு. நீங்கள் இதை குரோமில் வாசிக்கிறீங்க என்றால், பக்கத்தைக் கேட்டு உங்கட போன் அனுப்பின அறிமுக வரியில் 'கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி' என்ற சொற்களும் சேர்ந்தே போயிருக்கும்.