இரண்டாவது ஆளின் கூலி: வாலாஜாபாத் வட்டாரத் தறிகளில் விழுமியமும் மாற்றமும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் இழையோடு இழை பிணைந்து நிற்பதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் ஆகாது. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். காஞ்சிபுரத்திலும், வாலாஜாபாத் சாலையிலுள்ள அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களை உள்ளடக்கிய சுற்றுவட்டாரத்திலும், பட்டுத் தறியின் அந்த இரண்டாவது ஆள் நெடுங்காலம் பெரும்பாலும் ஒரு குழந்தை.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலுக்கு விலக்கு அளித்தது. ஆயினும் 1990களில் தொடங்கிய முயற்சிகளாலும் பெற்றோரின் மனமாற்றத்தாலும் பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனார்கள். நம் காலத்தில் நெசவுத் தொழில் ஏற்ற மாற்றங்களில் இதைவிட மேலானது இல்லை என்பேன். ஆனால் கூலிக் கணக்கு பழையபடியே நின்றது. புடவைக்கு இவ்வளவு என்று பேசப்படும் கூலியில் உதவியாளுக்குத் தனிப் பங்கு இல்லை. கோர்வைக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை வளர்ந்த ஒருவரின் நாட்கூலிக்கு ஈடாகவில்லை என்பதே நெசவாளர்களின் முறையீடு. ஆகவே பலர் தனியாளாக நெய்யக்கூடிய, கோர்வை இல்லாத புடவைக்கு மாறினார்கள்.

நிறுவனப் பண்பாட்டை மேலாண்மை அறிஞர் எட்கர் ஷைன் மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள், வாயால் சொல்லப்படும் விழுமியங்கள், யாரும் கேள்வி கேட்காத அடிப்படை அனுமானங்கள். கோர்வை வழக்கில் இரண்டாவது அடுக்கு மாறியது, மூன்றாவது மாறவில்லை. 'உதவியாள் வீட்டுப் பிள்ளை, அவருக்குக் கூலி வேண்டாம்' என்ற அனுமானம், அந்தப் பிள்ளை வகுப்பறைக்குப் போன பிறகும் கூலிப் பட்டியலில் உயிரோடு இருக்கிறது.

வேலை ஏற்பாட்டின் பழைய அனுமானம் மாறாமல் மாற்றம் பலன் தராது என்பதற்கு நெசவிலேயே ஒரு முன்னோடிச் சான்று உண்டு. அகமதாபாத் காலிக்கோ ஆலையில் 1952இல் தானியங்கித் தறிகள் வந்தன. எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. மறு ஆண்டு டாவிஸ்டாக் நிறுவன ஆய்வாளர் ஏ. கே. ரைஸ், ஆளுக்கு ஒரு வேலை என்று சிதறிக் கிடந்ததை மாற்றி, ஒரு தொகுதித் தறிகளுக்குச் சிறு குழுவே முழுப் பொறுப்பு என்னும் ஏற்பாட்டுக்கு வழிசெய்தார். தறி அதே தறிதான். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது.

கோர்வை குறைந்ததற்கு விசைத்தறிப் போலிகளும் பட்டு விலையுமே உண்மைக் காரணம், விழுமியம் அல்ல என்று மறுக்கலாம். அந்த நெருக்கடி மெய்தான். 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் பின்னர் வந்த புவிசார் குறியீடும் போலிகளைத் தடுக்கவே. ஆனால் பட்டை விடாமல் கோர்வையை மட்டும் கைவிட்ட நெசவாளரின் முடிவைச் சந்தை விலை மட்டும் விளக்காது. கூலிப் பட்டியல் விளக்கும்.

மாற்றத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி கூட்டுறவுச் சங்கத்தில் இன்னும் கூர்மையாகிறது. அங்கே நெசவாளர் உறுப்பினர்; சட்டப்படி உடைமையாளர். பட்டும் ஜரிகையும் சங்கம் தருகிறது. புதிய வடிவமைப்புக்கு ஜக்கார்டு அட்டை மாற்றி, பாவு பிணைத்து, கை பழகும் வரை ஓடாத தறியின் நாட்கள் யார் கணக்கில்? அந்த நாட்களைச் சங்கம் ஏற்கும் இடத்தில்தான் மாற்றம் நெசவாளருடையதாகும். ஏற்காத இடத்தில் 'உறுப்பினர்' என்பது பதிவேட்டுச் சொல்.

தறியை விட்டு இளைஞர்கள் ஒரகடம் ஆலைப் பேருந்தில் ஏறுவதைச் சோம்பல் என்று பழிப்பது அநீதி. மாதச் சம்பளம் அவர்களின் நேரத்துக்கு விலை வைக்கிறது. ஆலைகளிலும் மதிப்பு தானாக வந்துவிடவில்லை: 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்க அங்கீகாரம் அவர்களின் தலையாய கோரிக்கை.

பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களும் கைத்தறித் துறையும் கூலி நிர்ணயத்துக்கு அடுத்த முறை அமரும்போது, கோர்வைப் புடவையின் கணக்கில் இரண்டாவது ஆளுக்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அதில் வளர்ந்த ஒருவரின் முழு நாட்கூலி இருக்க வேண்டும்.