மின்சாரத்தைத் தராசில் நிறுத்த காலம்

நியூயார்க் நகரத்துப் பெர்ல் தெருவில் 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி தாமஸ் ஆல்வா எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியபோது, கண்ணுக்குப் புலனாகாமல் கம்பியில் ஓடும் ஒரு சக்தியை எப்படி அளந்து விலை கேட்பது என்பது பெரும் பிரச்சினையாக இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பே சாமுவேல் கார்டினர் என்ற அமெரிக்கர் செய்திருந்த கருவியோ, விளக்கு எத்தனை நேரம் எரிந்தது என்பதை மட்டுமே குறிக்க வல்லதாயிருந்தது.

எடிசன் கண்ட உபாயம் ரசாயனத்தைச் சார்ந்தது. துத்தநாக சல்பேட் கரைசல் நிரம்பிய கண்ணாடி ஜாடியில் துத்தநாகத் தகடுகளை அமிழ்த்தி, வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தின் சிறு பங்கொன்றை அதன் வழியே செலுத்தினால், ஒரு தகட்டின் உலோகம் கரைந்து மற்றொன்றில் போய்ப் படியும். மாதந்தோறும் கம்பெனியார் அத்தகடுகளைக் கழற்றி எடுத்துப் போய்த் தராசில் நிறுத்து, எடை மாறிய அளவைக்கொண்டு பில் எழுதினார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாதபடி, வெப்பம் குறைந்ததும் தானே எரியும் விளக்கொன்றைப் பெட்டிக்குள் பொருத்தியிருந்தார்கள் என்றால், அவர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆயினும், பணம் கொடுப்பவர் அந்த ஜாடியை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தாம் செலவழித்தது இவ்வளவு என்று அறிய வழியில்லை. வாங்குகிறவன் அளவைக் கண்ணால் காண முடியாத வியாபாரம், எத்தனை நாணயமாக நடந்தாலும், முழு நியாயமானது ஆகாது என்பதே என் துணிபு.

அந்த நியாயத்தை வழங்கியவை சுழலும் கருவிகளே. 1888-இல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஆலிவர் ஷாலன்பர்கர், ஒரு வில்விளக்கை ஆராய்ந்துகொண்டிருக்கையில், தவறி விழுந்த சிறு சுருள்கம்பி காந்தப்புலத்தில் தானே சுழல்வதைக் கண்டு, அதிலிருந்து மாறுமின்னோட்டத்தை அளக்கும் மீட்டரை உருவாக்கினார். மறு ஆண்டில் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாதி, மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டுக்கும் ஒருங்கே கட்டுப்பட்டுச் சுழலும் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டுத் தாழ்வாரச் சுவர்களில் நெடுங்காலம் சுழன்ற அலுமினியத் தட்டு அந்த வமிசத்தைச் சேர்ந்ததே.

தட்டின் விளிம்பில் ஓர் அடையாளக் கோடு. முகப்பில், யூனிட்டுக்கு 600 சுற்று என்பது போன்ற ஓர் எண். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் உண்பதே ஒரு யூனிட் ஆதலால், மற்ற யாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் சூடேற்றினால், அந்தக் கோடு நிமிஷத்துக்குப் பத்து முறை கண்முன் வந்து போகும். விட்டுவிட்டு ஓடும் குளிர்சாதனப் பெட்டியின் செலவை, அதன்மேல் ஒட்டிய வாட் கணக்கை 24-ஆல் பெருக்கி அறிய முடியாது. மீட்டரைப் பார்த்தே அறிய வேண்டும். இன்றைய மின்னணு மீட்டரில் தட்டு இல்லையாயினும் சிறு விளக்கு சிமிட்டுகிறது. யூனிட்டுக்கு 3200 என்று அச்சிட்ட மீட்டரானால், 60 வாட் மின்விசிறி மட்டும் ஓடும்போது ஐந்து நிமிஷத்தில் 16 முறை சிமிட்டும்.