சாப்ளின் எழுதிய சொந்தக் கதை



சின்ன மீசை, தொளதொளத்த கால்சட்டை, பெரிய காலணி, கையில் ஒரு பிரம்பு. இந்த உருவத்தைச் சொன்னதும் சார்லி சாப்ளின் நம் கண்முன் வந்து நிற்கிறார். உலகையே சிரிக்க வைத்த அந்தக் கலைஞர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்ட கதையை இன்று பார்ப்போம்.

சாப்ளின் 1889-ஆம் ஆண்டு பிறந்தார். 1914-இல் அமெரிக்காவில் திரைப்படங்களில் நடிக்கத் தொடங்கி, ஓராண்டுக்குள் பெரும் புகழ் பெற்றார். புகழ் வந்ததும் அவருடைய கதையைக் கேட்க மக்கள் ஆவல் கொண்டார்கள். 1915-இல் சான் பிரான்சிஸ்கோ நகரப் பத்திரிகை ஒன்றில் ரோஸ் வைல்டர் லேன் என்ற எழுத்தாளர், சாப்ளினே தம் கதையைச் சொல்வதுபோல் ஒரு தொடர் எழுதினார். அது 1916-இல் புத்தகமாகவும் அச்சாயிற்று. அதில் உண்மையோடு கற்பனையும் நிறையக் கலந்திருந்தது. சாப்ளின் வழக்கறிஞர் மூலம் மறுப்புத் தெரிவிக்க, பதிப்பாளர் அந்த நூலை விற்பனைக்கு விடாமல் நிறுத்திக்கொண்டார். சில படிகளே தப்பிப் பிழைத்தன.

தம் கதையைத் தாமே முழுமையாகச் சொல்ல அவருக்கு மேலும் 48 ஆண்டுகள் ஆயின.

1952-இல் அவர் குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து சென்றுகொண்டிருந்தபோது, அமெரிக்க அரசு அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை ரத்து செய்தது. அவருடைய அரசியல் கருத்துகளின்மேல் அங்கே சந்தேகம் எழுந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் வெவே நகருக்கு அருகே குடியேறினார். அங்கேதான் முதுமையில் இந்த நூலை எழுதினார். அவர் சொல்லச் சொல்லச் செயலாளர் தட்டச்சு செய்வார். அதை வாங்கித் திருத்துவார், மறுபடியும் தட்டச்சு, மறுபடியும் திருத்தம். இப்படிச் சில ஆண்டுகள் பாடுபட்டபின், 1964 செப்டம்பரில் லண்டன் பாட்லி ஹெட் நிறுவனம் நூலை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 75.

நேயர்களே, அந்த நூலில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி எது தெரியுமா? அவர் சம்பாதித்த பணத்தைப் பற்றிய பக்கங்கள் அல்ல. பட்ட வறுமையைப் பற்றிய பக்கங்களே.

அவருடைய தாயார் மேடைப் பாடகி. குரல் கெட்டு, பிழைப்பு போயிற்று. தாயும் அண்ணன் சிட்னியும் சார்லியும் லண்டனில் ஏழையர் விடுதியில் சேர நேர்ந்தது. அங்கே தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். ஒருநாள் தாய் விடுதியிலிருந்து விலகுவதாகச் சொல்லிப் பிள்ளைகளை வெளியே அழைத்து வந்தார். சிட்னியிடம் ஒன்பது பென்ஸ் இருந்தது. செர்ரிப் பழம் வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து மூவரும் தின்றார்கள். செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி விளையாடினார்கள். பொழுது சாய்ந்ததும் மறுபடியும் விடுதிக்கே திரும்பினார்கள். தாயாருக்குப் பின்னர் மனநலம் குன்றியதையும் சாப்ளின் மறைக்கவில்லை.

ஆனாலும் இந்த நூலில் எல்லாமே இருக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டாம் மனைவியைப் பெயர் சொல்லாமல் சில வரிகளில் கடந்துவிடுகிறார். உடன் உழைத்த பலரைப் பற்றிப் பேச்சே இல்லை. பிற்பகுதியில் தாம் சந்தித்த பிரமுகர்களைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறார் என்று விமர்சகர்கள் குறை கூறினார்கள். அப்பகுதியில் நம் சிங்கப்பூரும் வருகிறது. நியூ வோர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காவில் சீனச் சிறுவர்கள் நடித்த நாடகத்தை வியந்து எழுதியிருக்கிறார்.

தன்வரலாறு என்பது ஒருவர் தரும் சாட்சியம். அதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வரலாற்று முறை. டேவிட் ராபின்சன் என்ற ஆய்வாளர் விடுதி, பள்ளிப் பதிவேடுகளைத் தேடிப் படித்து, 1985-இல் சாப்ளினின் வரலாற்றை வெளியிட்டார். இளமை பற்றிச் சாப்ளின் சொன்னவற்றில் பெரும்பகுதி சரியே என்று அதிலிருந்து தெரிய வந்தது. விடுதிக்குள் சேர்ந்த நாளும் வெளியேறிய நாளும் ஏட்டில் இருந்தன. ஆனால் செர்ரிப் பழத்தின் சுவை எந்த ஏட்டில் இருக்கும்? அதைத் தின்ற பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

நம் பெரியவர்களின் பெயரும் நாள் கூலியும் தோட்டத்துச் செக்ரோலில் எழுதப்பட்டிருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு ஓடியதும், லயத்தில் தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பால்மரம் சீவப் போனதும் அதில் இல்லை. சாப்ளினைப் போல் புத்தகம் போட வேண்டும் என்பதில்லை. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஒரு பயிற்சிப் புத்தகத்தில், ஆண்டும் இடமும் குறித்து, அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்கட்டும். நம் கதையை நாம் சொல்லாமல் விட்டால், பிறர் தம் விருப்பம்போல் சொல்லிவிடுவார்கள்.