தும்பறைப் பாறைகளின் வயது: உயிர்ச்சுவடு இல்லா நிலத்தில் காலக்கணிப்பு வளர்ந்த வரலாறு

இலங்கையின் கண்டிக்கு அருகே, தும்பறைப் பகுதியில், வத்தேகமவிலிருந்து பன்வில, மடுல்கல வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை நோக்கி ஏறும் வீதிகளின் ஓரத்தில் வெட்டுண்டு நிற்கும் பாறைகள் பெரும்பாலும் வரிவரியாய் அமைந்த நைஸ் வகையைச் சேர்ந்தவை. இடையிடையே வெண்ணிறக் குவாட்சைற்று தலைகாட்டும். திகனப் பக்கம் போனால் சுண்ணாம்புச் சூளைகளுக்குக் கல் தரும் சலவைக்கல் படைகளைக் காணலாம். இந்தச் சலவைக்கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்கல். ஆனால் இன்று அதில் ஒரு சிப்பியோ ஓடோ தேடினாலும் கிடைக்காது. 800 பாகை செல்சியசையும் கடந்த வெப்பத்தில், பல கிலோமீற்றர் ஆழத்தில், அதன் ஒவ்வொரு மணியும் புதிதாகப் படிகமாகிவிட்டது. கற்களின் வயதை அறிய உலகம் முதலில் கைக்கொண்ட வழி இங்கே பயன்படாமற் போனதற்குக் காரணம் இதுவே.

அந்த முதல் வழி உயிர்ச்சுவடுகளை நம்பியது. 1815இல் வில்லியம் சிமித் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் புவிச்சரிதவியற் படத்தை வெளியிட்டபோது, ஒவ்வொரு படைக்கும் அதற்கே உரிய சுவடுகள் உண்டு என்பதையே அடிப்படையாகக் கொண்டார். கேம்பிரியன், சிலூரியன், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்ற பெயர்களெல்லாம் அந்த நூற்றாண்டில் இவ்வழியில் பிறந்தவை. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரெட்டேசியஸ் படைகளை 1862இல் எச். எஃப். பிளான்ஃபோர்ட் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பிரித்தார். மூத்தது எது, இளையது எது என்பதைப் படைகளின் வரிசையும் அவற்றிலுள்ள கடலுயிர்களும் காட்டிக்கொடுத்தன. இலங்கையிலும் தப்போவவின் ஜுராசிக் படைகள் தாவரச் சுவடுகளாலும், யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணக்கல் கடலுயிர்ச் சுவடுகளாலும் அடையாளம் பெற்றன. ஆயினும் இத்தீவின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இவற்றுக்கு வெளியே கிடக்கிறது. கண்டியும் தும்பறையும் அதற்குள் அடங்கும். அதன் மீது ‘பிரீகேம்பிரியன்’ என்று எழுதுவது, கேம்பிரியனுக்கு முந்தியது என்று சொல்வதே. எவ்வளவு முந்தியது என்பதற்கு அப்பெயரில் விடையில்லை.

விடைக்கான வழி அணுவிலிருந்து வந்தது. அந்த வழியைத் திறந்த கனிமங்களில் ஒன்றை உலகுக்குத் தந்தது இலங்கை. இச்செய்தி நம் பாடநூல்களில் உரிய இடத்தைப் பெற வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

பின்னாளில் கலை வரலாற்றறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி இலண்டனில் புவிச்சரிதவியல் பயின்றவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராகப் பணியாற்றினார். சப்பிரகமுவ மாகாணத்து மணற் படிவுகளில் கிடைத்த, கருநிறமும் மிகுந்த பாரமும் கொண்ட கனிமம் ஒன்றை 1904இல் யுரேனினைட் என்று அவர் விவரித்தார். இலண்டனில் அதனைப் பகுத்தாய்ந்த விண்டம் டன்ஸ்டன், அதில் தோரியமே மிகுந்திருப்பதைக் கண்டு, தோரியனைட் என்ற பெயரைச் சூட்டினார்.

இச்சிறு கனசதுரப் படிகங்களை அன்றைய கதிரியக்க ஆய்வாளர்கள் ஆவலோடு தேடிப் பெற்றனர். 1907இல் யேல் பல்கலைக்கழகத்தின் பெர்ட்ரம் போல்ட்வுட், யுரேனியம் சிதைந்து இறுதியில் ஈயமாகிறது என்ற கருத்தைக் கொண்டு, பல நாட்டுக் கனிமங்களில் இவ்விரண்டின் விகிதத்தை அளந்தார். அவர் பெற்ற வயதுகள் 410 மில்லியன் ஆண்டுகளிலிருந்து 2,200 மில்லியன் ஆண்டுகள் வரை நீண்டன. பட்டியலில் மிக மூத்தது இலங்கைத் தோரியனைட். இங்கிலாந்தில் ராபர்ட் ஸ்ட்ரட் வேறு வழியில் சென்றார். தோரியனைட்டில் எவ்வளவு வேகத்தில் ஹீலியம் உருவாகிறது என்பதை அளந்து, 1910இல் குறைந்தபட்ச வயதாக 280 மில்லியன் ஆண்டுகளைச் சொன்னார். ஒரே தீவின் ஒரே வகைக் கனிமத்துக்கு ஒருவர் சொன்ன வயது மற்றவர் சொன்னதைப் போல எட்டு மடங்கு!

இன்று நாம் அறிந்த வயது, சுமார் 550 மில்லியன் ஆண்டுகள், இவ்விரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஹீலியம் ஒரு வாயு. படிகத்திலிருந்து மெல்லக் கசிந்துவிடும். ஆகவே ஸ்ட்ரட் கண்ட வயது குறைந்தது, அதனாலேயே அவர் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைக் கவனமாகச் சேர்த்திருந்தார். போல்ட்வுட்டின் கணக்கு கூடிப்போனதற்குக் காரணம் வேறு. தோரியமும் ஈயமாகவே முடிகிறது என்பது அப்போது நிறுவப்படவில்லை. தோரியம் நிறைந்த கனிமத்தில் அது தந்த ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதினால் வயது ஊதிப்போகும்.

இச்சிக்கலை அவிழ்க்கவும் இலங்கைக் கல்லே உதவியது. வேதியியலாளர் பிரெடரிக் சொடி, ஹைமனுடன் சேர்ந்து 1914இல், தோரியம் நிறைந்த இன்னொரு கனிமமான இலங்கைத் தோரைட்டிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்தைவிடப் பாரமானது என்று காட்டினார். சாதாரண ஈயத்தின் அணுத்திணிவு 207.2. இலங்கைத் தோரைட்டின் ஈயத்துக்கு வேதியியலாளர் ஹோனிக்ஷ்மிட் பின்னர் துல்லியமாக அளந்தது 207.77. யுரேனியக் கனிமங்களின் ஈயமோ 206ஐ ஒட்டி நின்றது. ஒரே மூலகம், வெவ்வேறு திணிவு: சமதானிகள் என்ற கருத்துக்கு இது கண்கூடான சான்றாயிற்று. சொடிக்கு 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது சமதானிகள் பற்றிய ஆய்வுக்கும் சேர்த்தே. அதன்பின் யுரேனியம் 238, யுரேனியம் 235, தோரியம் 232 என்ற மூன்றும் தத்தம் அரைவாழ்வோடு தனித்தனியே ஈயம் 206, 207, 208 ஆகின்றன என்பது தெளிவானது. ஒரே கல்லில் ஒன்றையொன்று சரிபார்க்கும் கடிகாரங்கள் கிடைத்தன.

ஆனால் தும்பறையின் கற்களுக்கு அந்தக் கடிகாரங்கள் வந்துசேர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. இடைக்காலத்தில் நிலத்தின் தோற்றமும் பாறைகளின் வகையுமே துணை. எஃப். டி. அடம்ஸ் 1929இல் தீவின் நிலவுருவை மூன்று சமநிலப் படிகளாகப் பிரித்தார். கண்டி மேட்டுநிலம் நடுப்படியில் அமைகிறது. அதே படிகளுக்கு டி. என். வாடியா பின்னர் பிளவுவழி மேலெழுச்சியைக் காரணமாகக் காட்டினார். பி. ஜி. குரே 1961இல் வெளியிட்ட ரங்கல பகுதி பற்றிய விரிவான நினைவேடு, வத்தேகமவின் கிழக்கே எழும் மலைகளின் கல்லையே பொருளாகக் கொண்டது. மலைநாட்டின் பாறைகளை ஹைலண்ட் தொடர் என்றும், தென்கிழக்குத் தாழ்நிலத்தவற்றை விஜயன் தொடர் என்றும் பிரிக்கும் வழக்கம் நிலைத்தது. எது மூத்தது? விஜயன் அடிப்பாறை, ஆகவே மூத்தது என்றனர் சிலர். ஹைலண்ட் பாறைகளே மாறி விஜயன் ஆயின என்றனர் வேறு சிலர். கண்ணால் கண்டதைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முடியவில்லை. 1969இல் கிராஃபோர்டும் ஒலிவரும் ருபீடியம்–ஸ்ட்ரோன்சியம் முறையில் முதல் விரிவான முயற்சியைச் செய்தனர்.

திருப்பம் 1980களில் நிகழ்ந்தது. அல்பிரட் குரோனர் முதலான ஜேர்மனிய அறிஞர்களும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பி. டபிள்யூ. விதானகே உள்ளிட்ட இலங்கையரும் கைகோத்தனர். 1987இல் வெளியான ஆய்வில், அவுஸ்திரேலியாவின் கன்பராவிலுள்ள அயனிக் கருவியால் யுரேனியம் அடங்கிய சிர்க்கோன் கனிமத்தின் தனித்தனி மணிகளின் வயது அளக்கப்பட்டது. ஹைலண்ட் படிவுகளுக்குள் அடங்கிய சில மணிகள் 3,200 மில்லியன் ஆண்டுகள் வரை பழையவை. அடுத்த ஆண்டு மிலிசெண்டாவும் பிறரும் நியோடிமியச் சமதானிகளைக் கொண்டு காட்டியது இன்னும் தெளிவானது: ஹைலண்டின் மூலப்பொருள் பூமியின் மூடகத்திலிருந்து பிரிந்து 2,000 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, விஜயனின் மூலப்பொருள் அதைவிட இளையது. அடிப்பாறை என்று கருதப்பட்டதே இளையதாக நின்றது.

1991இல் குரோனர், குரே, விதானகே மூவரும் ஹைலண்ட், வன்னி, விஜயன், கடுகண்ணாவ என்ற நான்கு தொகுதிகளாகத் தீவைப் பகுத்தனர். கண்டியைச் சூழ்ந்த நீள்வட்ட மடிப்புகளின் உட்பகுதிகளில் கடுகண்ணாவப் பாறைகள் அமைகின்றன. தும்பறை மடிப்பும் அவற்றில் ஒன்று. ஆகவே வத்தேகமவின் சுற்றுப்புறத்தில் ‘இந்தக் கல்லின் வயது என்ன?’ என்று கேட்பவர், எந்த வயது என்பதையும் சொல்ல வேண்டும். பொருள் மூடகத்திலிருந்து பிரிந்த காலம் ஒன்று. உருகிய குழம்பு படிகமான காலம் இன்னொன்று. கடுகண்ணாவப் பாறைகளில் இது 1,000 மில்லியனை ஒட்டிவரும். மூன்றாவது, அனைத்தும் ஆழத்தில் வெந்து உருமாறிய காலம். இது 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு இத்தீவு கொண்ட்வானா என்ற பெருங்கண்டமாக இணைந்தபோது நிகழ்ந்தது. 1987 ஆய்வில் உருமாற்றத்துக்குச் சுமார் 1,100 மில்லியன் ஆண்டுகள் என்று குறித்த காலம் பின்னர் திருத்தப்பட்டது. ஒரே மணியின் நடுவும் விளிம்பும் வெவ்வேறு காலம் சொல்லும்போது இத்தகைய திருத்தம் இயல்பு.

உலகக் காலவரிசையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். கேம்பிரியனின் தொடக்கம், 538.8 மில்லியன் ஆண்டுகள், கனடாவின் பாறையடுக்கொன்றில் உயிர்த்தடத்தைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. அதற்கு முந்திய எல்லைகளோ பெரும்பாலும் முழு எண்கள்: 2,500, 1,600, 1,000. எந்தப் பாறையும் அவற்றைக் குறித்துக் காட்டவில்லை. அறிஞர்கள் உடன்பட்டு வைத்தவை. கடுகண்ணாவப் பாறைகளோ 1,000 என்ற அந்தக் கோட்டின் இருபுறமும் பரவிக்கிடக்கின்றன. குரோனர், கேகல்பன்னல, ஹெக்னர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட அளவீடுகள் இலங்கையில் 1,100 முதல் 750 மில்லியன் வரை எரிமக் குழம்பு எழுந்த நிகழ்ச்சிகளைக் காட்டின. கடுகண்ணாவ தனித் தொகுதியே அன்று, வன்னியின் பகுதி என்று கேகல்பன்னல முன்வைத்த கருத்தும் உண்டு. அவ்வாறானால் 1991இன் நான்கு மூன்றாகும். தும்பறையின் மேல் வரைந்த எல்லைக்கோட்டின் பெயரும் மாறும்.