டபுள் சிக்ஸ்: 47 வருடம் பூட்டி வைத்த விபத்து அறிக்கை

1976 ஜூன் 6, ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்றே முக்கால் மணி வாக்கில், லாபுவான் தீவிலிருந்து கிளம்பிய ஒரு குட்டி விமானம் மலேசியாவின் சபா மாநிலத் தலைநகர் கோத்தா கினபாலுவில் இறங்க வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தை எட்டும் முன்பே செம்புலான் என்ற இடத்தில், கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தது. உள்ளே இருந்த 11 பேரும் இறந்தார்கள்.

இறந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. தேர்தலில் ஜெயித்துச் சில வாரங்களே ஆன முதல்வர் ஃபுவாட் ஸ்டீபன்ஸ், அவருடைய மகன், மூன்று அமைச்சர்கள், ஒரு துணை அமைச்சர்... ஒரு மாநில அரசாங்கமே ஒரே நொடியில் போய்விட்டது. ஆறாம் மாதம் ஆறாம் தேதி என்பதால் இதை 'டபுள் சிக்ஸ்' விபத்து என்கிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. புதிய முதல்வரான ஹாரிஸ் சாலே, எட்டே நாளில், ஜூன் 14 அன்று பெட்ரோனாஸ் நிறுவனத்தோடு எண்ணெய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சபாவுக்குக் கிடைத்தது 5 சதவீத ராயல்டி. 'எண்ணெய்க்காகக் கொன்றுவிட்டார்கள்' என்று ஊர் பேச ஆரம்பித்தது. அரசு விசாரித்தது, ஆனால் அறிக்கையை ரகசியம் என்று பூட்டி வைத்தது. ஒருநாள் இரண்டுநாள் இல்லை, 47 வருடம்!

2023 ஏப்ரலில் மலேசிய அறிக்கை வெளிவந்தது. விமானத்தைத் தயாரித்த ஆஸ்திரேலியாவின் அறிக்கை அதே வருடம் ஜூலையில் வந்தது. இரண்டிலும் சதிக்கான ஆதாரம் எதுவும் இல்லை. முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, பின்பக்கம் ஏற்றிய சாமான்.

எங்கள் செஞ்சிப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் 'பின்பாரம்' ஏறி நுகத்தடி மேலே தூக்கும். மொத்த எடை சரியாகவே இருந்தாலும், அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். விமானத்திலும் அப்படித்தான். பின்பாரம் அளவை மீறினால் மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் நேரத்தில் இறக்கை தாங்கும் சக்தியை இழந்தால், தரைக்குப் பக்கத்தில் அதை மீட்க உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது.

அந்த விமானம் 'நோமாட்' வகை. அடுத்த இரண்டே மாதத்தில் ஆஸ்திரேலியாவில் இன்னொரு நோமாட் சோதனைப் பறப்பில் விழுந்து, விமானி ஸ்டூவர்ட் பியர்ஸ் இறந்தார். நம்ம 'கஜினி'க்கு முன்னோடியான 'மெமென்டோ' படத்தின் நாயகன் கை பியர்ஸின் அப்பாதான் அவர். அந்த விபத்து வேறு, காரணமும் வேறு. ஆனால் செய்தி இல்லாத ஊரில் இதையும் சேர்த்து முடிச்சுப் போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

செம்புலானில் விழுந்த விமானத்தை ஓட்டியவர் பெயர் கேப்டன் காந்தி நாதன். அறிக்கை அவரையும் விட்டுவைக்கவில்லை. போதிய ஓய்வில்லை, உடல்நிலை சரியில்லை, பயிற்சி போதாது என்கிறது. சரி, ஓய்வில்லாத ஒருவரை ஓட்ட அனுப்பியது யார்? எடைக் கணக்குப் பார்க்காமல் பின்னால் சாமான் ஏற்ற விட்டது யார்? இறந்தவரால் பதில் சொல்ல முடியாது. அப்போதே அறிக்கையை வெளியிட்டிருந்தால், இந்தக் கேள்விகளைச் சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.

பி.காம் படிக்கும் எனக்கு இது தணிக்கைப் பாடம் மாதிரியே தெரிகிறது. கணக்கில் திருட்டு இல்லை என்றாலும், புத்தகத்தைக் காட்ட மறுத்தால் பங்குதாரர் சந்தேகப்படத்தான் செய்வார். சபா மக்களும் அதைத்தான் செய்தார்கள். இன்றும் அங்கே அறிக்கையை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். 47 வருடம் கழித்து வந்த உண்மையை யார்தான் உடனே நம்புவார்கள்?